ஜெப ஆலயமும் நமது பிரசங்கமும்
யூத வழிபாட்டு மரபு குறித்த சில தவறான கருத்துகள்

நற்செய்தி நூல்களிலிருந்து பிரசங்கிக்கும் எந்தப் போதகரும் ஜெப ஆலயத்தைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. ஆண்டவர் நாசரேத்தில் வாசித்ததும், கப்பர்நகூமில் போதித்ததும், சூம்பின கையுடையவனைக் குணமாக்கியதும் ஜெப ஆலயங்களிலேயே. ஆயினும் நம் பிரசங்கங்களில் அது பெரும்பாலும் ஒரு கறுப்புத் திரையாகவே தொங்குகிறது. கிறிஸ்துவின் ஒளி நன்கு துலங்கும்படி அதற்குப் பின்னால் உயிரற்ற சடங்கும், பொருளறியாத மனப்பாடமும், மாய்மாலமும் நிறைந்த ஒரு கூடம் வரையப்படுகிறது. இந்தச் சித்திரத்தில் வரலாற்றுக்குப் பொருந்துவது எவ்வளவு என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

செங்கற்பட்டுக் கடலோரத்தில் கோவளம், நெம்மேலி, மாமல்லபுரம் முதலிய ஊர்களில் இத்தகைய பிரசங்கத்தைக் கேட்கும் சபையாருக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை. சுற்றுலாப் பயணியாக மாமல்லபுரத்துக்கு வரும் இஸ்ரவேல் நாட்டு இளைஞரைத் தவிர அவர்கள் யூதர் எவரையும் கண்டிரார்கள். ஆனால் யூத சமூகம் நம் நாட்டுக்குப் புதியதன்று. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பவளமும் வைரமும் வாணிகம் செய்த யூதர் சென்னைப்பட்டணத்தில் குடியிருந்தனர். 1688இல் தொடங்கிய சென்னை மாநகராட்சியின் முதல் ஆல்டர்மேன்களிடையே யூத வணிகரும் இடம்பெற்றனர். முத்தியாலுப்பேட்டையின் பவளக்காரத் தெருவின் பெயர் அந்தப் பவள வாணிகத்தை இன்றும் நினைவூட்டுகிறது. அந்த வணிகர் குழாம் நிலைக்கவில்லை. மேற்குக் கரையில் கொச்சியிலோ கதை வேறு. ஏறத்தாழ கி.பி. 1000இல் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பானுக்கு வழங்கிய செப்பேடு, தமிழ் கற்றவர் எழுத்துக்கூட்டிப் படிக்கத்தக்க வட்டெழுத்தில் உள்ளது. கொச்சங்காடியில் 1344இல் ஒரு ஜெப ஆலயம் இருந்தமைக்கு அதன் கல்வெட்டே சான்று. மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெப ஆலயம் 1568இல் கட்டப்பெற்று, 1662இல் போர்த்துகீசியரால் சேதமுற்று, அடுத்த ஆண்டில் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றியபின் சீரமைக்கப்பட்டது. ஆகவே யூத வழிபாட்டைப் பற்றி அறிய நாம் ஐரோப்பிய நூல்களை மட்டுமே நம்பியிருக்க வேண்டிய தேவை என்றும் இருந்ததில்லை. ஓர் இரவு இரயில் பயணத் தொலைவில் அது நடந்துகொண்டிருந்தது.

இந்த வாய்ப்பைப் புராட்டஸ்டன்டு சபை பயன்படுத்திக்கொண்ட விதமும் கவனிக்கத்தக்கது. ஆங்கிலேயச் சபையின் குருவான கிளாடியஸ் புக்கானன் 1806ஆம் ஆண்டையொட்டிய தம் கேரளப் பயணத்தில் கொச்சி யூதரிடமிருந்து எபிரெயச் சுவடிகளைத் திரட்டினார். தோலில் எழுதப்பட்ட நியாயப்பிரமாணச் சுருள் ஒன்றும் அவற்றுள் அடங்கும். அவை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்தன. புத்தகங்களைப் பெற்றுக்கொண்டோம். அப்புத்தகங்களை வைத்திருந்தோர் எவ்வாறு ஜெபித்தனர் என்று கேட்டறிவதில் அத்துணை ஆர்வம் காட்டினோம் எனச் சொல்ல இயலாது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நம் வேதாகமம் 'ஜெப ஆலயம்' என்று வழங்கும் சொல்லுக்கு மூலத்தில் 'கூடுகை' என்பதே பொருள். எபிரெயத்திலும் அது 'கூடுகையின் வீடு' எனப்படும். தமிழில் 'ஆலயம்' என்றவுடன் கேட்பவர் மனத்தில் கர்ப்பக்கிரகமும் பூசாரியும் பலியும் தோன்றிவிடுகின்றன. எருசலேம் தேவாலயத்துக்கும் ஊர்தோறும் இருந்த ஜெப ஆலயத்துக்கும் உள்ள வேறுபாடு மறைந்துபோகிறது. ஜெப ஆலயத்தில் பலிபீடம் இல்லை, பலி இல்லை. 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பு 'தொழுகைக்கூடம்' என்று கொண்டது ஒரு முன்னேற்றம். எனினும் அதுவும் தொழுகையையே முதன்மைப்படுத்துகிறது. எருசலேமில் 1913ஆம் ஆண்டளவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட தெயோதோத்துவின் கிரேக்கக் கல்வெட்டு, கி.பி. 70க்கு முற்பட்டதென்று பெரும்பாலான அறிஞர் கருதுவது, தான் கட்டிய ஜெப ஆலயத்தின் நோக்கத்தைக் கூறுகிறது. நியாயப்பிரமாணத்தை வாசிப்பதும், கற்பனைகளைப் போதிப்பதும், வெளியூரிலிருந்து வருவோருக்கு விடுதி அளிப்பதுமே அதில் சொல்லப்படுகின்றன. ஜெபம் என்ற சொல் அங்கே இல்லை! பாலஸ்தீனத்துக்கு வெளியே வாழ்ந்த யூதர் தம் கூடங்களை 'ஜெப வீடு' என அழைத்ததற்கும் சான்றுகள் உண்டு. பிலிப்பியில் பவுல் நாடிச் சென்ற ஆற்றங்கரை இடத்தையும் (அப். 16:13) இங்கே நினைக்கலாம். எனவே ஜெபமே நடைபெறவில்லை என்பதன்று நம் கருத்து. கிறிஸ்துவின் காலத்து ஜெப ஆலயத்தின் உயிர்நாடி வேதவாசிப்பும் போதனையும் ஆகும் என்பதே. லூக்கா 4ஆம் அதிகாரம் காட்டுவதும் அதுவே.

ஆகையால் நாசரேத்தின் ஓய்வுநாளில் இயேசு 'பதினெட்டு ஆசீர்' எனப்படும் ஜெபத்தை மற்றவர்களோடு சேர்ந்து சொன்னார் என்று வருணிப்பது இருவகையில் பிழையாகும். அந்த ஜெபத்தின் வடிவம் ஒழுங்குபெற்றது எருசலேம் அழிவுக்குப்பின், யாப்னேயில் கமாலியேலின் காலத்தில். அன்றியும், ஒழுங்குபெற்ற மரபின்படி ஓய்வுநாளில் பதினெட்டும் சொல்லப்படுவதில்லை. வேண்டுதல்களை நீக்கி ஏழு மட்டுமே சொல்லப்படும். ஓய்வுநாளில் தன் குறைகளை அடுக்கிக் கடவுளிடம் முறையிடுதல் தகாது என்பது கருத்து. நம் ஞாயிறு ஆராதனையின் விண்ணப்பப் பட்டியல்களை எண்ணிப் பார்க்கையில் இது சிந்திக்கத்தக்க வழக்கமே.

இனி, யூத ஜெபம் பொருளறியாத மனப்பாடம் என்னும் குற்றச்சாட்டு. இதைக் கூறுவோர், எழுதப்பட்ட ஜெபத்தைத் தாமும் ஞாயிறுதோறும் வாசிப்பதை மறந்துவிடுகின்றனர் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பெற்ற மிஷ்னாவின் 'பெராக்கோத்' பகுதியே இதற்கு விடை தருகிறது. நாள்தோறும் பதினெட்டையும் சொல்ல வேண்டும் என்கிறார் கமாலியேல். சுருக்கிச் சொன்னால் போதும் என்கிறார் யோசுவா. நாவில் சரளமாக வருபவன் முழுவதும் சொல்லட்டும், இயலாதவன் சுருக்கிச் சொல்லட்டும் என்பது அக்கிபாவின் தீர்ப்பு. எலியேசரோ, தன் ஜெபத்தை மாறாத கடமையாக்கிக்கொள்பவனுடைய ஜெபம் விண்ணப்பமே ஆகாது என எச்சரிக்கிறார். முற்காலப் பக்தர் ஜெபிக்குமுன் ஒரு மணிநேரம் அமர்ந்து தம் இருதயத்தைப் பரமபிதாவினிடம் திருப்புவது வழக்கமாயிருந்தது என்றும் அதே நூல் குறிக்கிறது. இயந்திர ஜெபத்தைக் கண்டிக்கும் குரல் வெளியிலிருந்து ஜெப ஆலயத்துக்குள் வந்ததன்று. அது அங்கேயே பிறந்தது. மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் பேசுவதையும் இந்தக் குடும்ப வாக்குவாதத்தின் நடுவே வைத்துப் படித்தல் வேண்டும்.

அந்தப் பகுதியைப் பற்றி இன்னொன்று. ஜெப ஆலயங்களில் நின்று ஜெபிப்பதை இயேசு கண்டித்தார் என நம்மில் பலர் எண்ணுகின்றனர். நின்று ஜெபித்தல் யூதருக்கு இயல்பான நிலை. 'அமிதா' என்னும் தலைமை ஜெபத்தின் பெயருக்கே 'நிற்றல்' என்பதுதான் பொருள். ஆண்டவரும் தம் சீடர் நின்று ஜெபிப்பதை இயல்பாகவே எடுத்துக்கொள்கிறார் (மாற். 11:25). மனிதர் காணவேண்டும் என்ற ஆசையே மத்தேயுவில் கண்டிக்கப்படுகிறது. அமிதாவோ உரக்கச் சொல்லும் ஜெபமன்று. ஒவ்வொருவரும் முதலில் உதடு மட்டும் அசையத் தாழ்குரலில் சொல்லுவர். அதன்பின்னரே முன்னின்று நடத்துபவர் சபைக்காக உரத்துச் சொல்லுவார், சபையார் ஆமென் என்பர். இந்த ஒழுங்குக்குத் தல்மூது காட்டும் முன்மாதிரி யார் தெரியுமா? ஏலி வெறித்தவள் என்றெண்ணிய அன்னாள் (1 சாமு. 1). அவளுடைய உதடுகள் அசைந்ததும், சத்தம் கேளாததும், இருதயத்திலே பேசினதும் ஆகிய ஒவ்வொன்றிலிருந்தும் ஜெபிப்போருக்குரிய விதி வகுக்கப்படுகிறது.

பரிசேயனும் ஆயக்காரனும் ஜெபித்த உவமையிலும் (லூக். 18) இதே தடுமாற்றம் நேர்கிறது. அவர்கள் சென்றது ஜெப ஆலயத்துக்கன்று, எருசலேம் தேவாலயத்துக்கு. மேலும், பரிசேயனை யூத ஜெபத்தின் மாதிரியாகவும் ஆயக்காரனைக் கிறிஸ்தவ ஜெபத்தின் மாதிரியாகவும் பிரித்துக் காட்டுவது எவ்வாறு பொருந்தும்? இருவரும் யூதரே. மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் கேட்ட அந்தக் கதறலும் சங்கீதக்காரனின் மரபிலிருந்து எழுந்ததே.

மத்தேயு 23:5இல் வரும் 'காப்புநாடா' என்னும் சொல் தனிக் கவனத்துக்குரியது. தமிழர் காதில் 'காப்பு' விழுந்ததும் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுதலும், குழந்தையின் இடுப்பில் தொங்கும் தாயத்தும் நினைவுக்கு வருகின்றன. பேய்பிசாசு அணுகாதபடி யூதர் மந்திரக்கயிறு கட்டிக்கொண்டனர் என்றே பல சபைகளில் விளக்கப்படுகிறது. கிரேக்கச் சொல்லிலும் காவல் என்னும் பொருள் உண்டாதலால் மொழிபெயர்ப்பாளரைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் யூதர் அதனைத் 'தெஃபில்லின்' என்பர். நெற்றியிலும் கையிலும் கட்டப்படும் அந்தத் தோற்பெட்டிகளுக்குள் இருப்பவை நான்கு வேதபகுதிகள்: யாத். 13:1-10, 13:11-16, உபா. 6:4-9, 11:13-21. இப்பகுதிகளில் சொல்லப்பட்ட கட்டளையை எழுத்தின்படியே நிறைவேற்றும் செயல் அது. குமரான் குகைகளில் இத்தகைய பெட்டிகளும் சுருள்களும் கிடைத்துள்ளமையால், கிறிஸ்துவின் காலத்தில் இவ்வழக்கம் இருந்தது உறுதி. அவற்றை அணிந்ததை ஆண்டவர் கண்டிக்கவில்லை, பிறர் பார்க்க அகலமாக்கியதையே கண்டித்தார். ஓய்வுநாள் ஆராதனையைச் சித்திரிக்கும்போது எல்லாருடைய நெற்றியிலும் தெஃபில்லினை வைத்துவிடும் பிரசங்கியார் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். இன்றுவரை நிலவும் மரபின்படி ஓய்வுநாளில் அவை அணியப்படுவதில்லை. ஓய்வுநாளே போதிய அடையாளம் என்பர்.

கொச்சியின் சான்று மிகவும் பயன்படுவது இதற்கு அடுத்த சில செய்திகளிலே.

யூதர் கிழக்கு நோக்கி ஜெபிப்பர் என்று நம் விளக்கவுரைகளில் காணலாம். ஐரோப்பியர் எழுதியதை அப்படியே தமிழாக்கியதால் நேர்ந்த விளைவு இது. எருசலேமை நோக்கி ஜெபித்தலே விதி, சாலொமோனின் ஜெபமும் (1 இராஜா. 8) தானியேலின் திறந்த பலகணியும் (தானி. 6:10) அதற்கு அடிப்படை. ஐரோப்பாவிலிருந்து எருசலேம் கிழக்கே இருக்கிறது. நம் நாட்டிலிருந்து அது மேற்கே. கேரள ஜெப ஆலயங்களில் நியாயப்பிரமாணச் சுருள்கள் வைக்கப்படும் பேழை மேற்குச் சுவரில்தான் அமைந்துள்ளது. நெம்மேலிக் கரையில் ஒரு யூதர் ஜெபிக்க நின்றால் கடலுக்கு முதுகைக் காட்டியே நிற்பார். பலிபீடத்தைக் கிழக்கே வைத்துக் கட்டிய நம் முன்னோரின் கோயில்களுக்கு இது நேர்மாறானது.

'ரபீ' என்பவர் குரு என்றும், அவரில்லாமல் வழிபாடு நடவாதென்றும் கருதுவது மற்றொரு பிழை. கொச்சி யூத சமூகம் நூற்றாண்டுகளாக முறைப்படி அபிஷேகம்பெற்ற ரபீ இல்லாமலே தன் வழிபாட்டைக் குறைவற நடத்தியது. கற்றறிந்த மூப்பர் வழிநடத்தினர், ஜெபங்களை ஓதத்தெரிந்த எவரும் முன்னிற்கலாம். தேவை பத்து ஆண்கள் கூடுதல் மட்டுமே. இது 'மினியான்' எனப்படும். ஆரோனின் வழிவந்தவர்களுக்கு எஞ்சியுள்ள பணிகளுள் முதன்மையானது எண். 6:24-26இன் ஆசீர்வாதத்தைக் கூறுதல். நம் போதகர் ஆராதனை முடிவில் கைகளை உயர்த்திக் கூறும் அதே சொற்களே அவை. எல்லா விசுவாசிகளின் ஆசாரியத்துவம் என்னும் கொள்கையை நாம் புத்தகத்தில் வைத்திருக்கிறோம். போதகர் வராத ஞாயிறுகளில் நம் கிராமச் சபைகள் படும் பாட்டை எண்ணினால், இந்த மூப்பர்களிடம் நாம் கற்றுக்கொள்ளக் கூடியது இருந்தது.

சுருளை யூதர் வணங்குகின்றனர் என்று கூறுவோரும் உளர். அதற்குப் பட்டுறை உண்டு, கிரீடமும் உண்டு. பரதேசி ஜெப ஆலயத்துக்குத் திருவிதாங்கூர் மன்னர் 1805இல் அளித்த பொற்கிரீடம் புகழ்பெற்றது. சுருள் பவனியாக எடுத்துச் செல்லப்படும்போது முத்தமிடுவதும் உண்டு. கேரளத்தில் காலணிகளைக் கழற்றிவிட்டே உள்ளே நுழைவர். ஆனால் எந்த ஜெபமும் சுருளை நோக்கிச் சொல்லப்படுவதில்லை. வேதப்புத்தகம் தவறிக் கீழே விழுந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நம் வீட்டு மூதாட்டியருக்கு இந்த வேறுபாட்டை நாம் விளக்கத் தேவையில்லை.

பெண்கள் ஜெப ஆலயத்தில் ஒதுக்கப்பட்டு மறைவான மாடத்தில் அடைக்கப்பட்டனர் என்பதும், கிறிஸ்துவே அவர்களை விடுவித்தார் என்பதும் அண்மைக்காலப் பிரசங்கங்களில் அடிக்கடி ஒலிக்கின்றன. இடைக்காலத்தில் பிரிவினை இருந்தது உண்மை. வைதீக யூதரிடையே அது இன்றும் உண்டு. அதனை முதல் நூற்றாண்டின்மேல் ஏற்றுவதற்குத்தான் ஆதாரம் இல்லை. அகழாய்வில் வெளிப்பட்ட பழைய ஜெப ஆலயங்களில் பெண்களுக்கென மாடம் இருந்ததற்கு உறுதியான சான்று கிடையாது. மேலும், பெண்களுக்கு 'ஜெப ஆலயத் தலைவி', 'மூப்பர்' முதலிய பட்டங்களைத் தரும் பத்தொன்பது கிரேக்க, இலத்தீன் கல்வெட்டுகளைப் பெர்னடெட் புரூட்டன் 1982இல் ஆராய்ந்து, அவற்றை வெற்றுப் புகழ்ச்சியெனத் தள்ளிவிட இயலாதென வாதிட்டார். கேரளத்தில் பெண்களுக்கு மாடிப்பகுதி இருந்தது. ஆனால் வேறெங்கும் காணப்படாத ஓர் அமைப்பும் அங்கே இருந்தது. கீழே கூடத்தின் நடுவிலுள்ள வாசிப்பு மேடையன்றி, மாடியிலும் பெண்கள் பகுதியை ஒட்டி மற்றொரு மேடை. ஓய்வுநாளிலும் பண்டிகைகளிலும் நியாயப்பிரமாணம் இந்த மேல்மேடையிலிருந்தே வாசிக்கப்பட்டது. திருமறை வாசிக்கப்பட்ட வேளையில் அதற்கு மிக அருகில் இருந்தவர்கள் பெண்களே. அவர்கள் மலையாளத்தில் வேதக்கதைப் பாடல்களைக் கையேடுகளில் எழுதிவைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்தனர். எபிரெயம் தவிர வேறு மொழியில் யூதர் கடவுளோடு பேசமாட்டார் என்று எண்ணுவோர் இப்பாடல்களையும், ஷெமாவையும் தலைமை ஜெபத்தையும் எம்மொழியிலும் சொல்லலாம் என்னும் மிஷ்னாவின் விதியையும் (சோத்தா 7:1) ஒருங்கே நோக்குக.

'காதிஷ்' ஜெபம் குறித்தும் ஒரு சொல். துக்கம் காப்போர் சொல்வதால் அது மரித்தோருக்கான ஜெபம் என்றும், ஆகவே நமக்கு ஒவ்வாதது என்றும் கருதுகின்றனர். அரமேய மொழியிலுள்ள அந்த ஜெபத்தில் மரணத்தைப் பற்றியோ மரித்தவரைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. கடவுளின் நாமம் பரிசுத்தப்படவும் அவருடைய அரசு விரைவில் வரவும் வேண்டுவதே அது. கர்த்தருடைய ஜெபத்தின் முதல் இரண்டு விண்ணப்பங்களோடு இதன் உறவைப் புதிய ஏற்பாட்டு மாணாக்கர் ஒவ்வொருவரும் கற்றல் வேண்டும்.

மிகக் கடுமையான குற்றச்சாட்டு இறுதியாக நிற்கிறது. யூதர் நாள்தோறும் மும்முறை கிறிஸ்தவர்களைச் சபிக்கின்றனர் என்பது. இதில் பூசிமெழுகுதல் தகாது. பதினெட்டு ஆசீர்களுள் பன்னிரண்டாவது, 'மினிம்' எனப்படும் முரண்கொள்கையினருக்கு எதிரானது. யாப்னேயில் கமாலியேல் கேட்க, சிறிய சாமுவேல் என்பவர் அதனை அமைத்தார் எனத் தல்மூது கூறும். ஜெப ஆலயங்களில் கிறிஸ்தவர் சபிக்கப்படுவதாக இரண்டாம் நூற்றாண்டில் யுஸ்தீன் எழுதினார். பின்னர் ஜெரோமும் அவ்வாறே கூறினார். கெய்ரோ ஜெப ஆலயத்தின் பழஞ்சுவடிகளிலிருந்து 1898இல் சாலமன் ஷெக்டர் வெளியிட்ட படியில் 'நசரேயர்' என்ற சொல்லும் காணப்படுகிறது. ஆகவே சில இடங்களில், சில காலங்களில் அது நம் முன்னோரைக் குறித்தது என்பதை மறுக்க இயலாது.

ஆனால் இதிலிருந்து நாம் எழுப்பிய கட்டடம் மிகப் பெரிது. யோவான் 9:22இல் வரும் விலக்கத்தை இந்த ஜெபத்தோடு பிணைத்து, யாப்னேயில் ஒரே நாளில் சபையையும் ஜெப ஆலயத்தையும் பிரித்த பேராணை பிறந்தது என்ற விளக்கம், 1968இல் லூயிஸ் மார்ட்டின் யோவான் நற்செய்தி பற்றி எழுதிய நூலுக்குப்பின் இறையியல் கல்லூரிகளெங்கும் பரவியது. 1981இல் ரூவென் கிமெல்மன் இதனை வன்மையாக மறுத்தார். மினிம் என்பது முதலில் யூதருள்ளேயே இருந்த பிரிவினரைக் குறித்தது, புறவினத்துக் கிறிஸ்தவரையன்று என்பது அவர் வாதம். அதன்பின் அந்தப் பேராணையைக் குறித்து உறுதியாகப் பேசும் அறிஞர் குறைந்துவிட்டனர். வேண்டுதல்களுள் ஒன்றாதலின் இது ஓய்வுநாளில் சொல்லப்படுவதில்லை என்பதும், பிற்கால அச்சுநூல்களில் பொதுவாக 'கோள்சொல்வோர்' என்று மட்டுமே உள்ளதென்பதும் நம்மவர் எவரும் சொல்லக் கேட்டதில்லை. மறுபுறம், தமிழ்ச் சபைகளிலும் வழங்கிய 1662ஆம் ஆண்டின் ஜெபப்புத்தகம் பெரிய வெள்ளியன்று யூதரைத் துருக்கர், அவிசுவாசிகள், வேதப்புரட்டர் ஆகியோருடன் ஒரே வரிசையில் நிறுத்தி ஜெபிக்கக் கற்பித்தது. உரோமைச் சபை தன் பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதருக்கு இட்டிருந்த இழிவான அடைமொழியை 1959இல்தான் நீக்கியது. அந்த வெள்ளிக்கிழமைகளில் ஐரோப்பிய நகரங்களில் யூதர் கதவடைத்து வீட்டிலிருந்தனர். அவர்களுடைய பன்னிரண்டாம் ஆசீரால் எந்தக் கிறிஸ்தவரும் கதவடைக்க நேரிட்டதில்லை.

கொச்சிக்குத் திரும்புவோம். 1948க்குப்பின் அச்சமூகத்தினரில் பெரும்பாலோர் இஸ்ரவேல் நாட்டுக்குக் குடிபெயர்ந்தனர். 1955க்குள் பல ஜெப ஆலயங்கள் வெறுமையாயின. மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் மரவேலைப்பாடமைந்த உள்ளமைப்பு எருசலேமிலுள்ள இஸ்ரவேல் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சி நின்ற அதன் கட்டடத்தில் ஒரு பகுதி 2019இல் இடிந்து விழுந்தது. பரதேசி ஜெப ஆலயத்துக்கு இன்று செல்லும் மாணாக்கர் நீலநிறச் சீன ஓடுகளையும் கண்ணாடி விளக்குகளையும் காணலாம். வழிகாட்டி அவற்றின் விலையைக்கூடச் சொல்லுவார். வழிபாட்டைக் காண்பது அரிது. பத்து ஆண்கள் கூடுவதற்கு வெளிநாட்டுப் பயணிகளை நம்பியிருக்கும் நிலை பல ஆண்டுகளுக்கு முன்னரே வந்துவிட்டது. பத்துப்பேர் சேராவிடில் காதிஷ் சொல்லலாகாது, ஆசாரியரின் ஆசீர்வாதம் கூறலாகாது, சுருளைப் பேழையிலிருந்து எடுத்துச் சபைமுன் வாசித்தலும் ஆகாது. வந்தவர் தனித்தனியே மேற்கு நோக்கி நின்று, அன்னாளைப்போல் உதடு மட்டும் அசைய, அமிதாவைச் சொல்லிவிட்டுச் செல்லலாம்.